முப்பத்துமூன்று நிறையட்டும்

என் அக்கா வீட்டுக்காரர் தாண்டவராயனுக்கு நெஞ்சில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எட்டு வருஷம் இதை அவரிடம் சொல்லிச் சொல்லித்தான் எங்கள் தொண்டை வறண்டது. விழுப்புரத்தில் மூன்று டாக்டர்கள் சொன்னார்கள். திண்டிவனத்தில் ஒரு வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துச் சொன்னார். புதுச்சேரிக்குப் போய் நெஞ்சைப் படம் எடுத்து, அந்தக் கறுப்புப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியும் சொன்னார்கள். எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "அவுங்களுக்கு இன்னா தெரியும் ராஜாங்கம்? எனக்குள்ள நடக்குறது எனக்குத்தானே தெரியும்" என்பார்.

நான் திண்டிவனம் விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டர். அக்கா கிளியம்மாளை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துமூன்றில் விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்தோம். மாமாவுக்கு நெல் மண்டியில் அளவுகாரர் வேலை. வண்டியில் வந்து இறங்கும் நெல்லை மரக்காலால் அளந்து போடுவது. ஒன்று என்று சொல்லக்கூடாது, அளவுகாரர்களுக்கு ஒன்று என்பது லாபம். "லாபம், ரெண்டு, மூணு" என்று இழுத்துப் பாடிக்கொண்டே அளப்பார். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். பன்னிரண்டு விழுந்ததும் கை நிற்கும், ஒரு பிடி நெல்லை எடுத்துக் கலக்கணக்குக்காகத் தனியே வைப்பார், பிறகு மறுபடி லாபம். மாமா குரல் மண்டி வாசலைத் தாண்டி ரோட்டுக்குக் கேட்கும். கல்யாணம் பேசப் போன அன்று அந்தக் குரலைக் கேட்டுத்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

கல்யாணமான மறுவருஷம் அவருடைய அண்ணன் கண்ணையன் விழுந்தார். காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவருக்கு வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. இடது கையும் காலும் போயிற்று. இரண்டு மாசம் படுத்த படுக்கை, பேச்சு குழறல், பிறகு ஒருநாள் அடங்கிவிட்டார். வயது முப்பத்திரண்டு. அவர்கள் அப்பாவும் முப்பத்திரண்டில்தான் போனவர். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், எழுந்திருக்கவில்லை. அப்போது மாமாவுக்கு ஆறு வயது. இரண்டு பேருமே முப்பத்துமூன்று நிறையாமல் போனவர்கள்.

அண்ணனுக்குக் கருமாதி முடிந்த அன்று மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எங்க வம்சத்துல ஆம்பளைக்கு அவ்ளோதான் ராஜாங்கம். எனக்கு இன்னும் எட்டு வருசம் இருக்குது. உங்க அக்காவ நீதான் பாத்துக்கணும்."

"இன்னா மாமா, இருவத்தஞ்சு வயசுல இப்பிடிப் பேசுறீங்க" என்று நான் சிரித்தேன். துக்க வீட்டுப் பேச்சு, பத்து நாளில் மறந்துவிடுவார் என்று நினைத்தேன். நினைத்தவன் மடையன்.

முதலில் உப்பை விட்டார். அப்புறம் மூட்டை தூக்குவதை விட்டார். மாடிப்படி ஏறுவதில்லை, வெயிலில் நடப்பதில்லை, சண்டை நடக்கும் இடத்தில் நிற்பதில்லை. பஸ்ஸுக்கு ஓடி வர மாட்டார். நான் விசில் கொடுக்காமல் நின்றுகொண்டிருப்பேன், அவர் ஊர்கோலத்தில் வரும் சாமியைப் போல ஆடி அசைந்து வருவார். டிரைவர் பல்லைக் கடிப்பார். நடுவழியில் சட்டென்று சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். முகம் வேர்த்துக் கொட்டும். வண்டியை நிறுத்தச் சொல்லித் தண்ணீர் கொடுப்பேன். விக்கிரவாண்டி வருவதற்குள் சரியாகி, டீ குடிக்க இறங்குவார். அந்தக் கஷ்டம் நடிப்பு இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவர் கையைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று, நாடி எண்ணுவது. ஒரு டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்து எண்ணியதைப் பார்த்துவிட்டு வந்தவர், அன்றிலிருந்து தானே எண்ணத் தொடங்கினார். சாப்பிடுமுன் ஒரு தடவை, சாப்பிட்ட பிறகு ஒரு தடவை. இடது மணிக்கட்டில் வலது கை விரலை வைத்து, உதடு அசைய, லாபம், ரெண்டு, மூணு. எண்ணிய மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். பன்னிரண்டு துடித்ததும் ஒரு துடிப்பு விழுவதில்லை. அங்கே ஒரு பள்ளம், பிறகு மறுபடி தொடங்குகிறது. எத்தனை தடவை எண்ணினாலும் பன்னிரண்டுக்குப் பிறகு ஒரு பள்ளம். டாக்டர்களிடம் சொன்னால், அவர்கள் எண்ணிப் பார்த்து அப்படி ஒன்றும் இல்லை என்றார்கள். "அவுங்க பொறுமையா எண்ணுறதில்ல. நமக்கு எண்ணுறதுதானே பொழப்பு" என்றார் மாமா.

ஐம்பத்தாறில் அக்கா முழுகாமல் இருந்தாள். மூன்றாம் மாசம். திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்குச் சேதி நான்தான் கொண்டுபோனேன். அம்மா சர்க்கரையை என் வாயில் அள்ளிப் போட்டாள். மறுநாள் விழுப்புரத்தில் இறங்கி அக்கா வீட்டுக்குப் போனால், மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லையாம்.

"அப்பன் இல்லாம வளர்றது இன்னான்னு உனுக்குத் தெரியாது" என்றார், என்னைப் பார்க்காமலே. "ஊர்ல ஒவ்வொருத்தன் அப்பன் தோள்ல ஒக்காந்து தேர் பாப்பான். நான் சக்கரத்தப் பாத்துக்கினு நிப்பேன். எங்க அண்ணன் புள்ளைங்க ரெண்டும் இப்ப திருவெண்ணெய்நல்லூர்ல மாமன் வீட்டு மாடு மேய்க்குதுங்க. இன்னொண்ண நான் பெத்துத் தெருவுல உடணுமா? முப்பத்துமூணு நெறையட்டும். அதத் தாண்டிட்டா பத்துகூடப் பெத்துக்கலாம்."

"அதுக்காக வந்தத இன்னா பண்றது மாமா?"

அவர் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். அக்கா அடுப்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அடுப்பில் பாத்திரம் ஏதும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தெரியாமல் செய்தது என்றாலும் பங்கு பங்குதான். அடுத்த வாரம் விக்கிரவாண்டியில் ஒரு நடுவயதுப் பெண்பிள்ளை மடியில் சின்ன மூட்டையோடு ஏறினாள். விழுப்புரத்துக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். கைராசிக்காரி சின்னபொண்ணு என்று பின்சீட்டில் யாரோ சொன்னார்கள். பிரசவம் பார்க்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் போனது என் அக்கா வீட்டுக்கு, கலைக்க மருந்து கொடுக்க.

அக்கா ஏன் சம்மதித்தாள் என்று அப்புறம் ஒருநாள் கேட்டேன். "மாட்டேன்னு சொல்லி, மறுநாளே அவருக்கு ஒண்ணு ஆயிருந்தா? நான்தானே கொன்னவ?" என்றாள். அவளும் அவர் பயத்துக்குள் குடிபோய்விட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மருந்து கொடுத்த நான்காம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல். உதிரம் நிற்கவில்லை. முதல் நடையில் அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்துத் திண்டிவனம் கொண்டுவந்தேன். பெண்களுக்கு மட்டும் தனியாக ஆஸ்பத்திரி வைத்திருந்த ஒரு டாக்டரம்மா சேர்த்துக்கொண்டார். ஐந்து நாள் இழுபறி. மாமா கூடவே வந்தார், ஆனால் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான். பினாயில் வாசம் பட்டதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து நாளும் அந்த பெஞ்சுதான். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "கிளி எப்பிடி இருக்குது?" என்று கேட்டு அழுதிருக்கிறார். டீக்கடைக்காரருக்கு அவர்மேல் இரக்கம். எனக்கு அந்த பெஞ்சோடு அவரைத் தூக்கிச் சாக்கடையில் போட வேண்டும் போல இருந்தது.

ஐந்தாம் நாள் நர்ஸ் லூர்துமேரி என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "உயிரு தப்பிச்சது பெரிசு தம்பி. ஆனா இனிமே கரு தங்காது. டாக்டரம்மா உங்க அக்கா கிட்ட சொல்லிட்டாங்க" என்றார்.

உள்ளே போனேன். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "அவரு சாப்பிட்டாரா?"

அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத அவருகிட்ட சொல்லாத ராஜாங்கம். தாங்க மாட்டாரு. அந்த பெஞ்சுலயே போயிடுவாரு. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதில் அது பெரிய தியாகம் என்று நினைத்தேன். இன்றைக்கு அந்தச் சத்தியத்தை நினைத்தால் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

மாமாவுக்கு அதன்பிறகு அக்காமேல் உயிர். மல்லாட்டைக் கடலை வறுத்துக்கொண்டு வருவார், பூ வாங்கிக்கொண்டு வருவார். குழந்தைப் பேச்சு எடுத்தால் மட்டும், "முப்பத்துமூணு நெறையட்டும் கிளி" என்பார். அக்கா, "ம்" என்பாள். அந்த "ம்"மை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். தெருவில் யாராவது, "இன்னும் விசேஷம் இல்லியா?" என்று கேட்டாலும் அதே "ம்"தான். மலடி என்று பின்னால் பேசியவர்கள் முன்னால் வந்தும் பேசத் தொடங்கினார்கள். அரசமரம் சுற்றச் சொன்னார்கள். அவள் சுற்றினாள். சுற்றாமல் இருந்தால் மாமாவுக்குச் சந்தேகம் வரும் என்று சுற்றினாள்.

அறுபதாம் வருஷம் வாக்கில் மண்டிக்குக் கிலோக்கணக்கு வந்தது. மரக்காலை மூலையில் போட்டுவிட்டுத் தராசு வைத்தார்கள். மாமாவுக்கு மூட்டைகளை எண்ணி எடை பார்க்கிற வேலை. பத்து மூட்டைக்கு ஒரு கோடு, சுவரில் கரியால் இழுக்க வேண்டும். ஒரு மூன்று மாசம் போயிருக்கும். நான் போயிருந்த அன்று மாமா சோற்றுத்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நாடி எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துவிட்டு முகம் செத்துப்போய் நிமிர்ந்தார்.

"கிளி, இப்பல்லாம் பத்துலயே பள்ளம் உழுது."

"முன்னல்லாம் பன்னெண்டுன்னு சொல்லிக்கினு இருந்தீங்களே" என்றாள் அக்கா.

"ஆமா. நோவு முத்திப்போச்சு."

அக்கா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் முன்னால் வந்து உட்கார்ந்து, அவருடைய இடது மணிக்கட்டில் தன் விரலையும் வைத்தாள். "எண்ணுங்க பாப்போம்" என்றாள். அவர் எண்ணினார். லாபம் முதல் பத்து வரை வந்ததும் அவருடைய வலது கை தானாகவே கொஞ்சம் மேலே எழும்பியது, சுவரில் கோடு இழுக்கப் போவது போல. கை மறுபடி மணிக்கட்டில் வந்து உட்கார்வதற்குள் ஒரு துடிப்பு போய்விட்டது. அக்கா விரலுக்கு அடியில் அது துடித்தது.

"அடிக்குதுங்க" என்றாள். "நீங்க கைய எடுக்குறீங்க. அது பாட்டுக்கு அடிச்சிக்கினுதான் இருக்குது."

மூன்று தடவை எண்ண வைத்தாள். மூன்று தடவையும் பத்தில் கை எழும்பியது. முன்பெல்லாம் பன்னிரண்டில் ஒரு பிடி நெல்லைத் தனியே வைக்க எழும்பிய அதே கை. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அக்காவும் சிரித்தாள். "மரக்கால் போயிக் கிலோ வந்தா நெஞ்சுமா அதுக்கேத்த மாதிரி மாறும்?" என்று கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மாமாவும் வெட்கத்தோடு சிரித்தார். நாலு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று பேர் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

சிரித்துக்கொண்டிருந்த அக்கா திடீரென்று எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். கிணற்றடியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "இதுக்காடா?" என்றாள். "இதுக்கா போச்சு?" அளக்கிற பழக்கத்தில் ஒரு கை எழும்பியது. அதை மனுஷன் சாவு என்று எண்ணிவிட்டார். அவ்வளவுதான் விஷயம். அதற்கு ஒரு பிள்ளை போயிற்று.

சரி, இனியாவது விடிந்தது என்று நினைத்தேன். ஆறு நாள் மாமா உப்புப் போட்டுச் சாப்பிட்டார். ஏழாம் நாள் இடது கை மரத்துப்போகிறது என்றார். நெஞ்சை விட்டுவிட்டு அண்ணனுக்கு வந்த பக்கவாதத்தைப் பிடித்துக்கொண்டார். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று வாய் கோணியிருக்கிறதா என்று பார்ப்பார். அக்காவைக் கூப்பிட்டு, "நேரா இருக்குதா?" என்பார். "நேராத்தாங்க இருக்குது" என்று அவள் தினமும் சொல்ல வேண்டும். காரணம் கண்டுபிடித்துக் கையில் கொடுத்தால் பயம் போய்விடும் என்று நாம் நினைக்கிறோம். அது போவதில்லை. அதற்கு உட்கார ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான்.

அறுபத்திரண்டு பிறந்தது. அந்தத் தை மாசம் எட்டுக் கிரகம் ஒன்று சேர்கிறது, உலகம் அழியப்போகிறது என்று ஊரே நடுங்கியது. பஸ்ஸில் கூட்டம் இல்லை. கோயில் கோயிலாக யாகம். மாமா ஒருவர்தான் அமைதியாக இருந்தார். "இந்த மூணு நாளுக்கே இப்பிடிப் பயப்படுறானுங்களே ராஜாங்கம், நான் எட்டு வருசமா எப்பிடி இருந்திருப்பேன், பாரு" என்றார். கோபப்படலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அவர் சொன்னது உண்மைதான். எட்டு வருஷமும் தினம் தினம் அவருக்கு உலகம் அழிந்துகொண்டுதான் இருந்தது.

மாமா மாசி மகத்தன்று பிறந்தவர். அந்த வருஷம் மகத்தோடு முப்பத்துமூன்று நிறைந்தது. அதிகாலையிலேயே மரக்காணம் போய்க் கடலில் முழுகினார். வீட்டில் வேலை இருந்ததால் அக்கா கூடப் போகவில்லை. சாயந்திரம் திண்டிவனத்தில் என் பஸ் புறப்பட்டு நகர்ந்துவிட்டது. யாரோ கூவிக்கொண்டு பின்னால் ஓடி வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். மாமா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் ஒரு மர நடைவண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பச்சையும் சிவப்பும் பூசிய நடைவண்டி. திருவிழாக் கடையில் வாங்கியது.

"தாண்டிட்டேன்டா!" என்றார், மூச்சு வாங்க.

நடைவண்டியைச் சீட்டுக்கு நடுவில் நிறுத்தினார். யார் வீட்டுக் குழந்தைக்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம், "எங்க வீட்டுக்குத்தான். வரப்போகுது" என்று பதில் சொன்னார். விக்கிரவாண்டியில் டீ வாங்கி டிரைவருக்கும் எனக்கும் கொடுத்தார். அன்று அவர் சட்டைப் பித்தானைக் கழற்றவில்லை, கண்ணை மூடவில்லை. நான் டிக்கெட் கிழிக்கிற சாக்கில் முன்னால் போய் நின்றுகொண்டேன். திரும்பி அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. முப்பத்தேழு கிலோமீட்டர் அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நடையை முடித்துவிட்டு அவர்கூடவே வீட்டுக்குப் போனேன். அக்கா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மாமா நடைவண்டியை அவள் முன்னால் இறக்கி, கையால் ஒரு தள்ளுத் தள்ளினார். அது கடகடவென்று ஓடிச் சுவரில் முட்டி நின்றது.

"முப்பத்துமூணு நெறஞ்சிச்சு கிளி. இனிமே ஒரு பயமும் இல்ல. பெத்துக்கலாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு முறத்தைக் கீழே வைத்தாள்.

"இனிமே பொறக்காதுங்க" என்றாள். "அன்னிக்கே டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"என்னிக்கு?"

"அந்த அஞ்சு நாளு, நீங்க எதிர்க்கடையில ஒக்காந்திருந்தீங்களே, அப்ப."

மாமா என் பக்கம் திரும்பினார். "உனுக்குத் தெரியுமா?" நான் தலையாட்டினேன்.

எனக்கும் அக்காவுக்கும் ஒரே சமயத்தில் ஒரே எண்ணம்தான். இரண்டு பேரும் பாய்ந்துபோய் ஆளுக்கு ஒரு பக்கம் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டோம். விழுந்தால் தலை அடிபடாமல் இருக்க நான் கால்களை அகட்டி நின்றேன். அவர் விழவில்லை. வேர்க்கவில்லை. கை சூடாகவே இருந்தது.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா செத்துடுவீங்கன்னு பயந்துக்கினு இருந்தேன்" என்றாள் அக்கா.

எங்கள் இருவர் பிடிக்குள்ளும் அசையாமல் நின்றார். சுவரில் முட்டி நின்ற நடைவண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ வர வேண்டியது இன்னும் வரவில்லை என்பதுபோல வெகுநேரம் காத்திருந்தார். அப்புறம் அக்கா முகத்தைப் பார்த்தார்.

"சாகலியே, கிளி" என்றார்.